மஞ்சள் கோட்டு கண்ணில் படும்வரை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தக் கூட்டத்தில் பெயர் 'கடைசி'. பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் மலைக்குக் கிளம்பினால் பன்னிரண்டாவது வண்டி அவருடையதுதான். மேலே பளீரென்று ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, வெயிலடித்தாலும் கழற்ற மாட்டார். "என்ன கடைசி, சாப்பாட்டுக்கு மட்டும் மொத ஆளா நிக்கிறீங்க?" என்று மற்றவர்கள் வாரிவிடுவார்கள். அவரும் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டுவார்.

வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றையும் கிரீஸையும் பார்த்துக் கிடக்கிற மனிதர். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து அவரைத்தான் திட்டுவார்கள், ஏதோ அவர்தான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிற மாதிரி. ஏறுவதும் இறங்குவதுமாகவே நாள் போகும், எங்கேயும் போய்ச் சேர்ந்தபாடில்லை. அப்படிப்பட்டவருக்கு நீளமாக ஒரு சாலை கிடைத்தால் விடுவாரா? கூட வருகிறவர்கள் கதையும் ஏறக்குறைய அதுதான். கூட்டத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் ஒருமுறை சொன்னாள்: "ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் யாரும் எங்கிட்ட மாத்திரை கேக்க மாட்டாங்கண்ணே. அதுக்காகவே வரலாம்."

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே அவர் நோட்டைத் திறந்துவிடுவார். முதலில் தனியாகப் போய் வழியைப் பார்த்து வருவார். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எந்த வளைவில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது, பஞ்சர் ஒட்ட ஆள் எங்கே, எல்லாம் அவருடைய குண்டு எழுத்தில் இருக்கும். கிளம்பும் காலையில் ஒரே ஒரு சட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். சாலை பிரிகிற இடத்தில் இரண்டாவதாக வருகிறவர் இறங்கி நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். மஞ்சள் கோட்டு கண்ணில் பட்ட பிறகுதான் அங்கிருந்து நகர வேண்டும். பிரிவில் யாரும் நிற்கவில்லையா, நேரே போக வேண்டும். "நீங்களா யோசிக்காதீங்க. யோசிச்சாத்தான் வழி தப்பும்."

கடைசிப் பயணத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது, ஊசி ஊசியாகக் குத்துகிற மழை. மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மழைக்கோட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பல் கிட்டித்து நின்றான். அவருக்கு மனசு கேட்கவில்லை. தன் மஞ்சள் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். "மெதுவா போடா, நான் பின்னாடியே வர்றேன்" என்று அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒன்றை உடம்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒன்பது வருடம் அந்தக் கோட்டைப் போட்ட மனிதருக்கு, அது எதற்காக என்பது அந்த ஐந்து நிமிடமும் உறைக்கவில்லை.

மச்சான் மெதுவாகப் போகிற ரகமா? குளிரில் விரட்டினான். முன்னால் போய்க்கொண்டிருந்த மருந்துக்கடைப் பெண்ணைத் தாண்டினான். குவாரிப் பிரிவில் நின்றிருந்த பேங்க் கிளார்க் தூரத்தில் மஞ்சளைப் பார்த்தார், வண்டியை எடுத்தார், இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டார். மச்சானும் அவர் பின்னாலேயே திரும்பினான்.

மெக்கானிக் பிரிவுக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. வழி அத்துப்படி என்பதால் இடப்பக்கம் திரும்பினார். ஏன் ஆளில்லை என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தங்கும் இடத்தில் எண்ணினால் பதினோரு பேர், மருந்துக்கடைப் பெண்ணைக் காணோம். "நீங்க வர்றதப் பாத்துட்டுத்தானேண்ணே நான் கெளம்பினேன்?" என்றார் கிளார்க். மெக்கானிக் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அவன் கோட்டை எப்போதோ கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிவிலிருந்து நேரே போகும் சாலையில் பாலம் இடிந்து ஒரு வருடம் ஆகிறது. அது அவருடைய நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. ஆள்தான் நிற்கப் போகிறதே, எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று காலையில் சொல்லாமல் விட்டிருந்தார். தேடிப் போனபோது சேற்றில் ஒற்றை டயர்த் தடம் நேராக, வளையாமல், அந்த விளிம்பு வரை போயிருந்தது. கீழே பார்த்ததை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாமல் எங்கோ ஒதுங்கி நின்றிருக்கிறாள், மஞ்சளுக்குப் பின்னால் தங்கிவிட்டாள், அப்புறம் வழி தப்பிவிட்டாள் என்று கூட்டம் பேசி முடித்துவிட்டது. மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, போனவங்க திரும்பி வரப் போறாங்களா? எந்தம்பிய எல்லாருமாச் சேந்து பிச்சுத் தின்னுருவாங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், விட்டுருங்க."

மூன்று வாரம் விட்டுத்தான் பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் நின்றால் மேலே யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. நான்காவது வாரம் ஒரு காலையில் மருந்துக்கடைப் பெண்ணின் கணவரைத் தேடிப் போனார்.

அவர் பேக்கரிக்காரர். மாவு பிசைந்துகொண்டிருந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த ஹெல்மெட் மைதா மூட்டை மேல் இருந்தது. இவரைப் பார்த்ததும் அவர் கை நிற்கவில்லை, பேச்சு மட்டும் கொட்டியது.

"கல்யாணமான நாள்லேர்ந்து யார் பேச்சயும் கேட்டதில்லங்க அவ. வண்டி வேணாம்னேன், கேக்கல. மழைக்காலம், இந்தத் தடவ போகாதன்னேன், கேக்கல. சரி, அங்க போயாவது கேட்டிருக்கலாம்ல? நீங்க அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாமே?" மாவை ஓங்கி அறைந்தார். "ஆத்திரம் அடங்க மாட்டேங்குது. எனக்கு இன்னும் அழுகைகூட வரல, தெரியுமா?"

மெக்கானிக் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோட்டைக் கழற்றிக் கொடுத்தது, மச்சான் முந்திப் போனது, கிளார்க் கிளம்பியது, எதையும் விடவில்லை.

"பிரிவுல யாரும் இல்லன்னா நேரா போங்கன்னு சொன்னது நான். அவங்க நேரா போனாங்க."

மாவில் புதைந்திருந்த கை நின்றது.

"நீங்களும் அதே வழியாத்தான வந்தீங்க? நீங்க எப்படித் தப்பிச்சீங்க?"

"எனக்கு வழி தெரியும். அதனால நான் சொன்னத நானே கேக்கல."

பேக்கரிக்காரர் கையைத் துடைக்காமலே போய் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். அடிப்பார் என்று மெக்கானிக் காத்திருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"அப்போ, சொன்னபடி கேட்டிருக்கா," என்றார் அந்த மனிதர். பிறகு அழத் தொடங்கினார்.