மூன்று நாள் சென்சார்

திருப்பூரில் எந்த ஆர்டரும் சொன்ன தேதிக்குக் கப்பலேறி நான் பார்த்ததில்லை. தேதி என்பது எங்களுக்குப் பேச்சு ஆரம்பிக்கிற இடம். நூல் வரவில்லை, சாயப்பட்டறை மூடிக்கிடக்கிறது, கரண்ட் போய்விட்டது என்று ஏதாவது சொல்லி ஒரு வாரம் வாங்குவோம். அந்த வாரம் தீர்வதற்குள் அடுத்த காரணம் தயாராகிவிடும். ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜாக இருந்த எனக்கு இது ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆகவே, என் மனைவியின் வயிற்றில் ஒட்டவேண்டிய சென்சாருக்கு ஆயுள் மூன்று நாள் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதற்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இது இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்களில் நடந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை வந்துவிட்டது, அன்றிலிருந்து ஊசிதான். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் கம்பெனியிலேயே, என் செக்கிங் டேபிளில்தான் வேலை பார்த்தாள். முதல் பிள்ளை நான்காம் மாதம் தாண்டவில்லை. இரண்டாவது தங்கியபோது கோயம்புத்தூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சர்க்கரை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து, இறங்கினால் இருவருக்கும் ஆபத்து. மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். இத்தனை வருஷத்தில் அவள் உடம்புக்கு அந்த எச்சரிக்கையெல்லாம் மறந்துபோயிருந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், அப்படியே சரிந்துவிடுவாள்.

அதனால்தான் அந்த மெஷின். சிங்கப்பூரில் இருந்த அவள் அண்ணன் வாங்கி, ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். தோலுக்கடியில் ஒரு மெல்லிய கம்பி போகும், அதுதான் சென்சார். அதன் மேல் சிப்பி மாதிரி ஒன்றை மாட்டவேண்டும். அது, பக்கத்தில் வைத்திருக்கிற பேஜர் அளவு மெஷினுக்குச் சர்க்கரை அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும், அளவு ரொம்ப இறங்கினால் மெஷின் கத்தும். ஆனால் அந்த மெஷினைச் சும்மா நம்பக்கூடாது. காலையிலும் மாலையிலும் விரலைக் குத்தி, சின்ன மீட்டரில் ரத்தத்தைச் சோதித்து, அந்த எண்ணை மெஷினுக்குச் சொல்லவேண்டும். அதை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். கம்பெனியில் அளவு டேப்பையே அவ்வப்போது ஸ்கேலில் வைத்துச் சரிபார்க்கிற மாதிரி என்று அவளுக்கு விளக்கினேன். "அதெல்லாம் நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவள் எண்ணைத் தானாகப் பார்க்கவே மாட்டாள். "நானே பாத்தா பயமா இருக்குதுங்க. நீங்க சொன்னா பயமில்லீங்க" என்பாள். நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் மெஷின் என் சட்டைப்பையில்தான் இருக்கும். சமையலறையிலிருந்தும் துணி காயப்போடுகிற இடத்திலிருந்தும் குரல் வரும்: "எவ்வளவுங்க?" நான் எடுத்துப் பார்த்துச் சொல்வேன். அவள் அதன்படி சாப்பிடுவாள், அதன்படி ஊசி போட்டுக்கொள்வாள். ஒரு மனுஷிக்குத் தன் உயிரையும் வயிற்றில் இருக்கிற உயிரையும் இப்படி ஒரே கேள்வியில் இன்னொருவன் கையில் கொடுக்க முடிந்தது. அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்று நாள் முடிந்ததும் மெஷின் கூவி நின்றுவிடும். நான் சிப்பியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, அதே சென்சாரில் திரும்ப மாட்டி, புது சென்சார் போட்டாகிவிட்டது என்று மெஷினிடம் பொய் சொல்வேன். அதுவும் நம்பி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுபடி எண் காட்டத் தொடங்கும். இது அவளுக்கும் தெரியும். "ஏனுங்க, அதையும் ஏமாத்திப் போட்டீங்களா?" என்று சிரித்தாள். வேர்வையில் பிளாஸ்திரி உரிந்து வந்தபோது, கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டிக்கு வைக்கிற ரிப் துணியில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். அவளே அதை வயிற்றைச் சுற்றிப் பட்டையாகத் தைத்துக்கொண்டாள். ஒரு சென்சார் ஒரு வாரம் ஓடியது, பிறகு அதற்கு மேலும் ஓடியது. பெட்டியில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், சிங்கப்பூரிலிருந்து அடுத்த ஆள் தீபாவளிக்குப் பிறகுதான் வருவார். அதுவரை இழுத்துப் பிடிக்கிற சாமர்த்தியசாலி நான் என்று எனக்கு நினைப்பு.

சென்சாருக்கு வயசாக ஆக, விரல் சொல்கிற எண்ணும் மெஷின் காட்டுகிற எண்ணும் ஒத்துப்போகாமல் ஆயின. வித்தியாசம் அதிகமானால் மெஷின் பிழை என்று கத்தும், மறுபடியும் அப்படி ஆனால் இந்த சென்சார் உதவாது, மாற்று என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். ஒருநாள் காலை அது முதல் முறை கத்தியது. மாலையில் குத்தியபோதும் வித்தியாசம் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. விரல் சொன்ன எண்ணை விட்டுவிட்டு, மெஷின் காட்டிய எண்ணையே மெஷினுக்குத் திரும்பச் சொன்னேன். அது உடனே சமாதானமாகிவிட்டது.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. பீஸை அளந்து ரிப்போர்ட் எழுதவேண்டிய இடத்தில், சரக்கு வாங்குகிற பையர் கொடுத்த அளவுச் சார்ட்டைப் பார்த்து அதே அளவை எழுதிவிடுவது எங்கள் ஊரில் எல்லாச் செக்கிங் டேபிளிலும் உண்டு. மார்பு நாற்பது என்று சார்ட்டில் இருந்தால் டேப் என்ன சொன்னாலும் நாற்பது. அப்படி எழுதிய எத்தனையோ ரிப்போர்ட்டை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன். பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பத்துப் பீஸும் சார்ட்டோடு அச்சாக ஒத்துப்போனால் அங்கே யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்லிச் சொல்லியே பெண்களைத் திட்டுகிறவன் நான்.

அதற்கப்புறம் விரலைக் குத்துவதையே விட்டுவிட்டு, காலையும் மாலையும் மெஷின் எண்ணையே மெஷினுக்குச் சொல்லிவந்தேன். "இன்னிக்குக் குத்தலீங்களா?" என்று கேட்டாள். "மெஷின் கேக்கல அம்மிணி. உன்ற விரலுக்கும் கொஞ்சம் லீவு குடுப்போம்" என்றேன். அவள் விரல் நுனிகளெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தன. என் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். என் கரிசனம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கையின் சூடு இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளைகாப்புக்கு நாள் குறிப்பதற்காகக் குண்டடத்திலிருந்த அவள் அம்மா வீட்டுக்குப் பைக்கில் கிளம்பினோம். ஊசி போட்டாகிவிட்டது. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "எவ்வளவுங்க? ஏதாச்சும் சாப்புட்டுப் போலாங்களா, அங்கெ போயி சாப்புட்டுக்கலாங்களா?"

பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறு. "நெறைய இருக்குது அம்மிணி. அங்கெயே போயி சாப்புட்டுக்கலாம்."

பல்லடம் தாண்டியதும் என் இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவள் தாடை என் தோளில் வந்து விழுந்தது. "என்னம்மிணி, இப்பவே தூக்கமா?" என்று கேலி செய்தேன். வண்டியை நிறுத்துவதற்குள் அவள் முழுப் பாரமும் என்மேல் சாய்ந்துவிட்டது. எதிரில் இருந்த டீக்கடைக்காரர் ஓடிவந்து பிடித்தார், பெஞ்சில் கிடத்தினோம். முகம் வெளுத்து, கண் செருகியிருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விரலால் தேய்த்தேன். என் சட்டைப்பையில் மெஷின் சத்தமே இல்லாமல் இருந்தது. எடுத்துப் பார்த்தால் நூற்று நாற்பத்தொன்று. அதை அங்கேயே தரையில் அடித்து நொறுக்கவேண்டும் போல வெறி வந்தது. அது என்ன செய்யும், நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே திருப்பிச் சொல்கிறது.

கண்ணைத் திறந்தவள் முதலில் வயிற்றைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவுங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையில் மெஷின் இருந்தது, அதையே படித்தேன். "நூத்தி நாப்பத்தொண்ணு."

"அப்பச் சக்கரையால இல்லீங்க. வெயிலாலதானுங்க" என்று சொல்லி, எனக்குத் தைரியம் கொடுக்கிற மாதிரி சிரித்தாள்.

மறுநாள் கோயம்புத்தூர். ஸ்கேனில் பிள்ளையின் இதயம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நின்றிருந்த மூச்சு வந்தது. கூடவே ஒரு அற்ப நிம்மதியும் வந்தது: ஒன்றும் ஆகவில்லை, இனிமேல் ஒழுங்காக இருந்துவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

டாக்டரம்மா மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கோடு கோடாக ஓடிய படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே! இப்பக் கொஞ்ச நாளா நீங்க போட்ட ரீடிங்கும் மெஷின் ரீடிங்கும் ஒண்ணுகூட விலகல. நான் இப்படிப் பார்த்ததே இல்ல" என்றார். மயக்கம் வெயிலாலும் கர்ப்பத்தாலும் வந்தது, சர்க்கரையால் இல்லை என்று முடிவு செய்தார். காலை எண்கள் மட்டும் கொஞ்சம் மேலே இருக்கின்றன, ராத்திரி ஊசியைக் கூட்டிவிடலாம் என்று சொல்லிச் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

ஒன்றுகூட விலகவில்லை. அந்த வார்த்தை வந்ததும் என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். என் டேபிளில் வேலை பார்த்தவள், நான் ரிப்போர்ட் கிழிப்பதை நேரில் பார்த்தவள். அவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கவேண்டியதில்லை. அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் காத்திருந்தாள். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று எனக்கு இடம் கொடுத்துக் காத்திருந்தாள்.

ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கிற உடம்புக்கு ஊசியைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டரம்மா எழுதி முடிக்கட்டும், வெளியே போய் இவளிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம், கூட்டாமல் பழைய அளவே போட்டுக்கொள்ளலாம் என்று என் புத்தி அதற்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் தேடிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, எழுதாதீங்க" என்றாள் அவள். "அது ரத்தத்துல பாத்த நம்பர் இல்லீங்க. மெஷின் காட்டுனதையே மெஷினுக்குப் போட்டிருக்குதுங்க. எங்க கம்பெனில ரிப்போர்ட்டு அப்படித்தானுங்க எழுதுவோம்."

எழுதுவோம் என்றாள். அவள் ஒருநாளும் அப்படி எழுதியவள் இல்லை. ரிப்போர்ட்டில் கோணலும் மாணலுமாக அளவு எழுதிக்கொண்டு வந்து, ஏன் இப்படி என்று நான் கேட்டால், டேப் அப்படித்தானுங்க சொல்லுது என்று நிற்கிறவள் அவள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவள் விரலைக் குத்தினார். மெஷின் காட்டியதில் பாதிதான் இருந்தது. என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சீட்டைக் கிழித்துப் போட்டு, அவள் வயிற்றிலிருந்த பட்டையை அவிழ்த்து, சென்சாரை உருவினார். அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அவளுக்கு வலித்திருக்கும், இத்தனை நாளும் வலித்திருக்கும். என்னிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், "ஏன் மறைச்சீங்க?" என்று கேட்பாள் என்று அவிநாசி வரை காத்திருந்தேன். ஜன்னலோரம் காற்று வருகிறதா, பசிக்கிறதா என்றுதான் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் புது சென்சாரை அவளே எடுத்து, பெட்டியில் போட்டிருந்ததை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அவளே குத்திக்கொண்டாள். மெஷினை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் எந்த சென்சாரும் மூன்று நாள் தாண்டவில்லை. பெட்டி தீர்ந்தபிறகு, தீபாவளி கழிந்து சிங்கப்பூர் ஆள் வரும் வரை, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை விரலைக் குத்திக் குத்தியே பார்த்துக்கொண்டாள். மகள் தை மாதம் பிறந்தாள், முழுசாக, நன்றாக.

என்மேல் அவளுக்கு வருத்தம் இருக்கிறதா என்றால், இருப்பதாக ஒருநாளும் காட்டியதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்பாள். குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்வாள். மகளின் பள்ளிக்கூடக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வாள், நான் சரி என்றால் சரி. அந்த ஒரு கேள்வியை மட்டும், டீக்கடை பெஞ்சில் கேட்டதற்குப் பிறகு, அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

இப்போது கேட்கிறவன் நான்தான். உள் அறையில் விரல் குத்துகிற ஊசி சொடுக்குகிற சத்தம் கேட்டதும், "எவ்வளவு அம்மிணி?" என்பேன். நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, உள்ளதை உள்ளபடி சொல்வாள். நான் எழுந்துபோய்ச் சரிபார்த்ததில்லை. பயமாக இருந்தாலும், இப்போதெல்லாம் அவள் தானே பார்த்துக்கொள்கிறாள்.