கடலுக்குப் போகிறவரை ஓடை இழுத்த நாள்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஜூலை மாதம், மூணாறில் நடந்தது இது. கொட்டுகிற மழைக்காலத்தில் யாராவது மூணாறு பார்க்கப் போவார்களா என்று கேட்பீர்கள். நாங்கள் போவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியப்பட்டணம் எங்கள் ஊர். என் கணவர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். அவர் வீட்டில் இருப்பது அப்போதுதான். மழை, வெயில் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு ஒரு ஊரும் வாய்க்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாதம்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். மற்ற நாட்களில் வானம் கொஞ்சம் கறுத்தாலே வாசலுக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். படகு தூரம் போய்விட்டால் போனும் கிடைக்காது. மாதா கோயில் மணி நேரம் தவறி அடித்தால் கடலில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்; கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதே பாடுதான். அதனால் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த எங்கள் மகள், "நீங்க ரெண்டுபேரும் எங்கயாவது போயிட்டு வாங்கம்மா" என்றதும் நான் யோசிக்கவே இல்லை. "கடல் கண்ணுல படாத எடமா பாரு மக்கா" என்றேன்.

மலையில் ஏறி இறங்கச் சேலை சரிப்படாது என்று அவளே எனக்கு ஒரு சுடிதாரும் வாங்கித் தந்தாள். என் வாழ்க்கையில் முதல் சுடிதார். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த என்னை இவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது ஆரு, நம்ம மகளுக்க கூட்டுக்காரியா?" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

எங்கே போனாலும் எங்களுக்கு மீன் வேண்டும். கிளம்பும் அன்றைக்கே அயிலைமீன் புளிமுளம் வைத்து, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் அவித்து எடுத்துக்கொண்டேன். புளி தூக்கலாக வைத்த மீன்கறி மறுநாளைக்கு ருசி கூடுமே தவிரக் கெடாது. காலையில் மூணாறு போய் இறங்கி, ஊர் சுற்றிக் காட்டும் ஜீப் ஒன்றில் ஏறினோம். அதில் இன்னொரு தம்பதியும் வந்தார்கள். ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். அந்த அம்மா கஞ்சி போட்ட பருத்திச் சேலை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தார். ஜீப் புறப்பட்டதும் மூக்கில் கைக்குட்டையை வைத்தவர், எடுக்கவே இல்லை. வளைவுகளில் அவருக்குக் குமட்டியதா, எங்கள் பையின் வாடையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. மீன்காரிக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

வெளியே பார்த்தபின் கோபமெல்லாம் எங்கே போனதோ! தேயிலைத் தோட்டத்துக்குள் மேகம் நடந்து போகிறது. கைநீட்டினால் விரல் நனைகிறது. வாரக்கணக்கில் கடலில் கிடந்தாலும் தலை சுற்றாத என் வீட்டுக்காரர், நாலாவது வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நின்றார். நான் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மதியம் மழை விட்டு வெயில் அடித்தது. ஒரு ஓடைக்கரையில் ஜீப் நின்றது. மேலே பாறையில் உட்கார்ந்து கிழங்கும் மீனும் சாப்பிட்டோம். தண்ணீரில் இறங்க வேண்டாம், மலைமேல் மழை பெய்தால் இங்கே திடீரென்று வரும் என்று டிரைவர் எல்லாரிடமும் சொன்னார். இவர் கேட்டால்தானே? "கடல்ல கெடக்கியவனுக்கு இந்த ஓடை எம்மாத்திரம்?" என்று சொல்லிக்கொண்டே, கழுவ வேண்டிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முழங்கால்கூட நனையாத தண்ணீர்தான். நடு ஓடையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து பாத்திரத்தைக் கழுவினார். பிறகு காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

நான் போனை உயர்த்தினேன். போனுக்குள் தண்ணீரின் நிறம் மாறியது. கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது, பால் விடாத தேயிலைத் தண்ணீர் போல ஆனது. எனக்குப் புரிவதற்குள் அவர் உட்கார்ந்திருந்த கல் பாதியாகிவிட்டது. தலைக்குமேல் வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலாவது கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். அவர் குதித்துவிட்டார். நீந்தத் தெரிந்தவர் செய்கிற காரியம் அது. கடலில் உடம்பைக் கொடுத்தால் அலையே தூக்கிக்கொண்டு போகும் என்பார். இங்கே அலை ஏது? ஒரே இழுப்பு. ஒரு பாறையில் மோதிப் புரட்டியது. தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கொஞ்சம் கீழே, செங்குத்தான கரையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மர வேரை எப்படியோ பிடித்துத் தொங்கினார். எங்கள் கை எட்டாத பள்ளம்.

"மாதாவே, மாதாவே" என்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. டிரைவர் கயிறு எடுக்க ஜீப்புக்கு ஓடினார். வேர் மண்ணோடு பெயர்ந்துகொண்டிருந்தது. என் தோளில் கிடந்த துப்பட்டா அந்தப் பள்ளத்துக்கு எட்டாது. அதை எறிந்து என்ன ஆகும்? அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் அந்த ஈரோட்டம்மா நிற்பதைப் பார்த்தேன். சேலையை எப்போது உருவினார் என்று தெரியவில்லை. ஒரு முனையைத் தன் கணவர் கையில் சுற்றிவிட்டு, மறுமுனையை முடிச்சுப் போட்டு எறிந்தார். முதல் தடவை வெள்ளம் தள்ளிவிட்டது. திரும்ப இழுத்து, விளிம்புவரை இறங்கி நின்று எறிந்தார். இவர் அதைப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். அந்த அய்யா, அந்த அம்மா, நான், எங்கிருந்தோ ஓடிவந்த இரண்டு பேர் எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். வலை இழுத்துப் பழகிய குடும்பத்தில் பிறந்தவள் நான். அன்றைக்கு இழுத்த மாதிரி என்றைக்கும் இழுத்ததில்லை.

டிரைவர் கயிறோடு வருவதற்குள் இவர் மண்ணில் நெஞ்சு உரச மேலே வந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் ஓடியது. உயிர் இருந்தது. அது போதும்.

அப்புறம்தான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ரவிக்கையும் பாவாடையுமாக, அத்தனை பேர் நடுவில், குளிரில் பல் அடித்துக்கொள்ள நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே ஆண்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்புக்கு ஓடிப்போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை எடுத்துவந்து அவரைச் சுற்றினேன். சேறாகிக் கிழிந்து கிடந்த சேலையைக் காட்டி அழுதேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "வேற சேலை பெட்டியில இருக்குதுங்க கண்ணு. வூட்டுக்காரருக்கு வேற எங்க போறது?" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் இவர் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். புயலில் மாட்டி, படகு கவிழாமல் தப்பி வந்த நாளில்கூட, "ஒண்ணும் இல்லட்டி, சாயா போடு" என்று சொன்ன மனுஷன் இவர். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி, நான் கடல்ல கெடக்கியப்போ நீ கரையில நின்னு இப்பிடித்தான் துடிப்பியா?"

அவர் கைமேல் என் இன்னொரு கையையும் வைத்தேன். அவர் கரைக்கு வருவதற்குள் நான் முகத்தைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, சாதாரணமாக நிற்பேன். இத்தனை வருடமும் அவர் பார்த்தது அந்த முகத்தைத்தான். தண்ணீரில் கிடந்துகொண்டு என்னை அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அந்தத் தம்பதியின் பெயரைக்கூடக் கேட்டுவைக்காமல் பஸ் ஏறிவிட்டோம். அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

தடைக்காலம் முடிந்ததும் இவர் மறுபடி கடலுக்குப் போனார். போகாமல் முடியுமா? கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, போகிறவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான நாள் முதல் அவர் முதுகைப் பார்த்துத்தான் நான் வழியனுப்பியிருக்கிறேன். அந்த ஆகஸ்ட் மாதம் தெருமுனையில் அவர் நின்றார். திரும்பினார். என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரி, "இது நல்லதுக்கில்ல கேட்டியா" என்று முணுமுணுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். வானம் கறுத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் பாதியைச் சுமக்கிற ஒருவர் கடலில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.