படத்தில் ஓடிய தண்ணீர்

அந்தப் படத்தை நல்ல படம் என்று சொல்லாத ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. டீக்கடையில் சொல்கிறார்கள், உரக்கடையில் சொல்கிறார்கள், செல்போனைத் திறந்தால் தாடி வைத்த ஒரு பையன் உட்கார்ந்து மூச்சு விடாமல் சொல்கிறான். மண்ணின் கதையாம். கொலைப் படங்களுக்கெல்லாம் இதுதான் இனி பாடமாம். விருது மேல் விருது வேறு. எனக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும், அது எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம், கடைமடை. மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சிய பிறகு மிச்சம் மீதி வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். மழை ஏமாற்றிய ஒரு வருஷம், சம்பா கதிர் வரும் நேரத்தில், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். இன்றைக்கு இவர் மடை திறக்கும், நாளைக்கு அவர் மடை. அந்த முறைத் தகராறில் என் அண்ணனும் பக்கத்து வயல்காரரும் ஊர் பார்க்கக் கட்டிப் புரண்டார்கள். மறுநாள் காலையில் அந்த மனுஷர் வாய்க்காலுக்குள் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். போலீஸ் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணன் ஜெயிலில் இருந்தார், வழக்கு இழுஇழு என்று இழுத்தது, கடைசியில் இவர் செய்யவில்லை என்று கோர்ட்டே விட்டுவிட்டது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தெரியாத இடத்தில்தான் சினிமாக்காரன் புகுந்தான். இரண்டு மூன்று பேர் தோளில் பையோடு வந்து டீக்கடையில் கதை கேட்டுக்கொண்டு போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுப் படியை அவர்கள் மிதிக்கவே இல்லை. ஊர்ப் பெயரை மாற்றினார்கள், ஆள் பெயரை மாற்றினார்கள், அனைத்தும் கற்பனையே என்று முதலில் ஒரு வரி போட்டார்கள். முறைத் தகராறை மாற்றவில்லை. அண்ணனுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும், அதையும் மாற்றவில்லை. கோர்ட் விட்ட மனுஷனை மட்டும் கொலைகாரனாக மாற்றிவிட்டார்கள். படத்தில் அவன் பிணத்தை இழுத்து வந்து மடையில் போட்டு அடைத்து, ஓடுகிற தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புகிறான். தியேட்டரில் அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல்.

அண்ணனுக்கு ஒரே மகள். மன்னார்குடியில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. முடித்தவள். வந்த வரன்கள் எல்லாம் வழக்குப் பேச்சு காதில் விழுந்ததும் போன வழி தெரியாமல் போயின. கடைசியாக மன்னார்குடிப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. பையன் சிங்கப்பூரில் வேலை. போட்டோ பார்த்தே அவனுக்குப் பிடித்துவிட்டது, இவளுக்கும் பிடித்திருந்தது. செல்போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். வழக்கைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. கோர்ட்டே விட்ட பிறகு நாமாக எதற்கு இழுத்துப் போடவேண்டும் என்றார் அண்ணி. எனக்கும் அது சரி என்றே பட்டது.

பெண் பார்க்க வந்தார்கள். பையனுடைய அப்பா, அம்மா, தாய்மாமன். அந்த அம்மா வாழையிலையில் மடித்த மல்லிகைப் பூவோடு வந்திருந்தார். பிடித்துவிட்டால் கையோடு பூ வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். காபி கொடுத்தாள், பேசினார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பூவைப் பிரிக்க ஒரு நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தோம். பொழுது போகவேண்டுமே என்று தாய்மாமன் அந்தப் படத்தை எடுத்தார்.

அவர் சினிமாப் பைத்தியம் என்பது முதல் பேச்சிலேயே தெரிந்தது. உங்கள் பக்கத்துப் படமாமே, தமிழில் இப்படி ஒரு கொலைப் படம் வந்ததே இல்லை என்றார். சரிங்க என்று நான் தலையாட்டியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. அவ்வளவு தூக்கிவைத்துப் பேச அதில் ஒன்றும் இல்லை என்றேன். அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. நடிப்பைச் சொன்னார், கேமராவைச் சொன்னார், அந்த இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பதைச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய இன்ஸ்பெக்டருக்கு ஒரே வாரத்தில் ஊர் ரகசியம் எல்லாம் தெரிகிறதாம், பிறந்ததிலிருந்து அங்கேயே கிடக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாதாம், நல்ல கூத்து என்றேன். படத்தில் வாய்க்கு வாய் ஏலே என்கிறார்களே, எங்கள் ஊர் ஆள் எவனாவது அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். அவர் சிரித்தார். சின்னச் சின்னக் குறையை விடுங்கள், அந்த மடைக் காட்சி ஒன்று போதாதா, தண்ணீர் திரும்பி வயலில் பாயும்போது உடம்பு சிலிர்க்கவில்லையா என்று கேட்டார்.

அண்ணன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. ஊர் அவரைக் கொலைகாரன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னபோதும் திறந்ததில்லை. படம் வந்த பிறகு பையன்கள் அவர் நடப்பதைப் போலக் காலை இழுத்து நடந்து காட்டினார்கள், அதற்கும் பேசாமல் போனார். ஆனால் கடைமடைக்காரனிடம் தண்ணீரைத் தப்பாகச் சொன்னால் அவனுக்குத் தாங்காது. அந்தப் புத்தி எங்கள் எல்லாருக்கும் உண்டு, அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

"தண்ணி எங்கேருந்துங்க வந்துச்சு?" என்றார் அண்ணன். "அன்னிக்கு வாய்க்கா காஞ்சுல்ல கெடந்துச்சு. தண்ணி வந்திருந்தா சண்டையே வந்திருக்காதே."

தாய்மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னிக்குங்க?" என்று கேட்டார்.

நான் என்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"என்னை ஸ்டேஷனுக்கு இட்டுக்கிட்டுப் போன அன்னிக்கு."

தாய்மாமனின் கண் அண்ணனுடைய இடது காலுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விடுதலைங்க, கோர்ட்டே சொல்லிவிட்டதுங்க, தீர்ப்பு நகல் பீரோவில் இருக்கிறது எடுத்துக் காட்டவா என்று நான்தான் உளறிக்கொண்டிருந்தேன். புரியுதுங்க, புரியுதுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். பையனுடைய அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். அந்த அம்மா பூப் பொட்டலத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியாததா?

கார் வரைக்கும் பின்னாலேயே போனேன். தாய்மாமனை நிறுத்தி, நீங்கள் விவரம் தெரிந்தவர், கோர்ட் சொன்னதை நம்புவீர்களா, சினிமா சொன்னதை நம்புவீர்களா என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"நான் கோர்ட்டத்தாங்க நம்புறேன்," என்றார். "ஆனா தீர்ப்ப யாரு படிச்சா? படத்த ஊரே பாத்துருக்கு. நாளைக்கு எங்க பையனத்தானே எல்லாரும் கேப்பாங்க?"

அன்று சாயங்காலமே ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகர் போன் செய்தார். பொருத்தம் பார்த்த பிறகுதான் வந்திருந்தார்கள், அது அவருக்கும் தெரியும். அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அங்கே அப்போது ஒரு வேலையும் இல்லை. அண்ணி அடுப்படியை விட்டு வரவில்லை.

அண்ணன் மகள் கூடத்தில் உட்கார்ந்து கட்டியிருந்த பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறவில்லை. இதெல்லாம் ஒரு படமா, இதற்கு ஒரு விருதா, எடுத்தவன் விளங்குவானா, ஒரு காட்சியாவது உருப்படியாக இருக்கிறதா என்று அவள் முன்னால் நின்று கத்தினேன். அவள் அழுதிருந்தால்கூட நான் நிறுத்தியிருப்பேன். அழவில்லை.

"நானும் பாத்தேன் சித்தப்பா," என்றாள். "ஹாஸ்டல் புள்ளைங்களோட தியேட்டர்ல. அப்பா கதன்னு அவங்க யாருக்கும் தெரியாது. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன்."

அவள் புடவையின் கரையை நீவி இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"நல்லாத்தான் எடுத்துருக்காங்க. படத்துல அந்தாளுக்குப் பொண்டாட்டி இருக்கு, மாடு இருக்கு, நாயிகூட ஒண்ணு இருக்கு. பொண்ணு மட்டும் இல்ல சித்தப்பா."