மீந்துபோன ரோஸ் தாள்

முதலில் திரும்பி வந்தது போலீஸ் தொப்பி. நான் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழலாடியது. நிமிர்ந்து பார்த்தால், ஒரு பெண் தொப்பியைப் படியில் வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. சற்று நேரத்தில் துரைத் தொப்பி வந்தது. பிறகு மந்திரியின் தலைப்பாகை, தபால்காரர் தொப்பி. பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துக்காக மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நான் செய்தவை. பொழுது சாய்வதற்குள் ஒன்றைத் தவிர எல்லாம் என் வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டன. அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அது எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார். நான் அடிவாரத்து ஒடுகத்தூர்க்காரி. கல்யாணமாகி மலையேறியபோது என் தகரப்பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கத்தரிக்கோலும் சோப்பு டப்பா அட்டைகளும் இருந்தன. சின்ன வயதிலிருந்தே அட்டையும் பசையும்தான் எனக்குப் பைத்தியம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தீப்பெட்டியில் பஸ் செய்வேன், அட்டையில் புகைபோக்கி வைத்த ரைஸ்மில் செய்வேன், பழைய பாவாடைத் துணியில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போடுவேன். எதற்கும் உதவாத வேலை. உதவாது என்பதால்தான் எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். வீட்டில் மற்ற வேலை எல்லாம் யாருக்காவது உதவிக்கொண்டே இருந்தது.

இவருக்கு அதில் கேலி உண்டு, தடை இல்லை. "சோறு தின்கிற வீட்டில் மைதா மாவு தீர்ந்துபோவதை இங்கேதான் பார்க்கிறேன்" என்பார். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு வைப்பேன். அது என் சின்ன மகளுக்கு எட்டாத உயரத்தில், பரண்மேல் இருக்கும். ஆண்டுவிழா நாடகம் என்று அவர் சொன்னதுமே தொப்பிகள் என் பொறுப்பு என்று நானே முந்திக்கொண்டேன். நடிக்கிற பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து நூலால் தலையைச் சுற்றி அளந்தேன். கவிழ்த்த சட்டியின்மேல் செய்தித்தாளைக் கிழித்துப் பட்டை பட்டையாக ஒட்டினேன். மழையில் வெயிலேது? அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டுக் காய வைத்தேன். எல்லாத் தொப்பியிலும் புகை வாடை அடித்தது. மேலே ஒட்ட ரோஸ் கலர் தாளும் ஜிகினாவும் திருப்பத்தூரிலிருந்து அவர் வாங்கி வந்தார். நனையாமலிருக்கத் தாள் சுருளைக் குடைக்குள் சொருகி மடக்கிவைத்துக்கொண்டு, தான் மட்டும் நனைந்துவந்தார். அப்படிப்பட்ட மனிதர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீடு ஊர்ப் பெரியவருடையது. அவருடைய மருமகள்தான் அந்த மலையில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. புளி அடித்துவிட்டு வந்தால் என் வீட்டில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்வாள். பெரியவரும் எப்போதாவது வருவார். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மேலே நான் அட்டையில் செய்த ஐந்து நிலைக் கோபுரம் ஒன்று இருக்கும். வந்தவர் ரேடியோவைக் கேட்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அடிவாரத்தில் பணக்காரர் ஒருவருடைய பாடையைக் கோபுரம் வைத்து ஜோடித்துத் தூக்கிப்போனதை அவர் பார்த்திருக்கிறார். மலையில் அந்த வழக்கமில்லை. வெறும் மூங்கில்தான். "நான் போறப்ப இத மேல கட்டி வுடும்மா" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, பொக்கை வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மழையிலேயே அவர் போய்விட்டார். மகன், அதாவது என் சிநேகிதியின் கணவன், வாசலில் நின்று கோபுரத்தைக் கேட்டான். எப்படி இல்லை என்பது? ஆனால் எடுத்துப் பார்த்தால், அவ்வளவு பெரிய பாடைக்கு அது வெறும் பொம்மையாகத் தெரிந்தது. சுற்றிலும் தொங்கலும் பூவும் வேண்டும். கடைக்கு ஆள் அனுப்பினால் மறுநாள்தான் வருவான், பிணம் காத்திருக்காது. தொப்பிக்கென்று வைத்திருந்த ரோஸ் தாளை எடுத்தேன். வெளியே பறை அடிக்க அடிக்க, என் வீட்டுக்குள் உட்கார்ந்து பூ வெட்டினேன். தலைக்கு மேலே கொடியில் தொப்பிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆண்கள் வந்து எல்லாவற்றையும் வாங்கிப்போய்ப் பாடையில் கட்டினார்கள். நெற்றியில் காசு ஒட்டிய அந்த முகத்துக்கு மேலே என் கோபுரம் அசைந்து அசைந்து போனது. பார்த்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாவு வீட்டில் பெருமைப்படலாமா என்றால், படக்கூடாதுதான். பட்டேன்.

மழை விட்டதும் தொப்பி வேலையைத் தொடர்ந்தேன். மீந்த ரோஸ் தாளைக் கத்தரித்து ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு குச்சம் வைத்தேன். ராணி கிரீடத்துக்கு இரட்டைக் குச்சம். ராணி வேஷம் என் சிநேகிதியின் மகளுக்கு. பள்ளிக்கூடம் போகாத என் ஐந்து வயது மகள் அழுதாள் என்று அவளுக்கும் ஒரு கோமாளிக் கூம்பு. ஒத்திகைக்குப் பிறகு பிள்ளைகள் தொப்பியை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஊரே தொப்பியாகத் தெரிந்தது. அடுத்த நாள் போலீஸ்காரன் வேஷம் போட்ட பையனுக்குக் காய்ச்சல் கண்டது.

தொப்பிகள் ஏன் திரும்பி வந்தன என்ற விஷயத்தைச் சொன்னது சிநேகிதிதான். மற்றவர்கள் தொப்பியை வைத்துவிட்டு ஓடினார்களே தவிர, என் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் வந்து வழக்கம்போல் கால் நீட்டாமல், மடக்கி உட்கார்ந்தாள்.

"பாடைக்குக் கிழிச்ச தாளோட மீதிய புள்ளைங்க தலையில வெச்சுட்டாங்கன்னு பேசிக்கிறாங்கக்கா. எங்க பக்கம் கயிறு மீந்தாலும் சரி, மூங்கில் மீந்தாலும் சரி, கூடவே காட்டுக்குப் போய்டணும். மறுபடி வூட்டுக்குள்ள வரக் கூடாது."

தொப்பிக்கு வாங்கிய தாளைத்தான் பாடைக்குக் கொடுத்தேன், பாடைக்கு வாங்கியதைத் தொப்பிக்கு வைக்கவில்லை என்று வாதாடினேன். எது முதல் என்று அவர்களுக்குக் கவலையில்லை. ஒரு சுருளில் பாதி அவரோடு போனது, பாதி பிள்ளைகள் தலைக்கு வந்தது, அவ்வளவுதான். ஒடுகத்தூரிலும் அதே வழக்கம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அங்கே பாடை கட்டுகிறவன் வேறு, பொம்மை செய்கிற பெண் வேறு. இரண்டும் ஒரே கத்தரிக்கோலாக இருந்ததில்லை. எனக்குத் தாள் தாளாகவே தெரிந்திருந்தது.

"உன் பொண்ணு கிரீடத்தையும் கொண்டாந்து குடுத்துடு, எதுக்கு வம்பு" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவள் அசையவில்லை.

"எங்க மாமா ஆசப்பட்டத செஞ்ச கைதான்க்கா இது. எம் பொண்ணு போட்டுக்கினுதான் ஆடும். யாரு இன்னா சொன்னாலும் சரி" என்றாள்.

அந்த ஒரு கிரீடத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் போனால் அந்த ஊரில் நான் சாவுக்குப் பூ வெட்டினவள், அவ்வளவுதான். கடையில் நான் நின்றால் பிள்ளைகளை இழுத்து மறுபக்கம் நிறுத்தினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் ராணி கிரீடத்தோடு மேடையேறி, ஒன்றும் ஆகாமல் இறங்கிவிட்டால், ஒருவேளை வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பினேன்.

இவர் என்னைவிட வேகமாக இருந்தார். பெற்றவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் பேசினார். காகிதம் எப்படிச் செய்கிறார்கள், காய்ச்சல் எப்படி வருகிறது, கொசு எங்கே முட்டையிடுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாராம். போலீஸ்காரப் பையன் அதற்குள் காய்ச்சல் விட்டு எழுந்து, பின் வரிசையில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தானாம். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், "விழா அன்னைக்கு நம்ம புள்ள அந்தக் கூம்பப் போட்டுக்கிட்டு முன்வரிசையில உட்காரட்டும். வாத்தியார் வூட்டுப் புள்ளயே போட்டிருக்குன்னு ஊர் பார்க்கட்டும்." அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விழாவன்று மத்தியானம் சிநேகிதி தன் மகளோடு வந்தாள், சேர்ந்து போகலாம் என்று. ராணி பட்டுப்பாவாடையில், கிரீடத்தோடு, கழுத்தைத் திருப்பாமல் நடந்து வந்தது. என் மகள் கூம்பை மாட்டிக்கொண்டு வாசலில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடிய வேகத்தில் நின்று தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தும்மினாள். இருமலும் வந்தது. மலைக்குளிரில் எந்தப் பிள்ளைதான் தும்மாது?

இவர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். குழந்தையைப் பார்த்தார். வார் பாதி கட்டியபடி தொங்க, எட்டிக் குனிந்து அவள் தலையிலிருந்த கூம்பை வெடுக்கென்று பிடுங்கினார். பிடுங்கிய பிறகுதான் நாங்கள் மூவரும் நிற்பது அவர் கண்ணில் பட்டது.

"காத்து அடிக்குது. பறந்துடும்னுதான்" என்றார்.

முருங்கை இலைகூட அசையவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதை என் வாசலிலேயே பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது பெரிதில்லை. சிநேகிதி பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் அவரையும் கூம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளின் தலையிலிருந்து, முடி சிக்காமல், மெதுவாகக் கிரீடத்தைக் கழற்றினாள்.

"உங்க வூட்டுப் புள்ள தலைக்கு ஆவாதது எம் புள்ள தலைக்கு மட்டும் எப்டிக்கா ஆவும்?" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம், சேர்ந்து போகவில்லை.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. துண்டை முண்டாசு கட்டி ராஜா வந்தான், இடுப்பு பெல்ட்டைப் பார்த்துப் போலீஸ் என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். ராணி தலையில் சாமந்திச் சரம். எல்லோரும் கைதட்டினார்கள். தொப்பி இல்லாததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தலைக்குத் தலை நூல் வைத்து அளந்தவள் நான்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி உலை வைத்தேன். சோறு வடித்ததும் அந்த ராணி கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். சிறுமிக்குச் செய்தது, எனக்குப் பற்றவில்லை, கொண்டையில் தொற்றிக்கொண்டு நின்றது. அப்படியே அவருக்குத் தட்டு போட்டுப் பரிமாறினேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர் அதற்குப் பிறகு தட்டைத்தான் பார்த்தார். குழம்பு போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். இரட்டைக் குச்சம் என் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "எனக்கும் போட்டு வுடும்மா" என்று தலையை நீட்டினாள்.

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் காத்திருந்தது இதற்குத்தான். கிரீடத்தைக் கழற்றினேன், அவள் பக்கம் குனிந்தேன். காலையில் நான் எடுத்த வகிடு கலைந்திருந்தது. தும்மித் தும்மி மூக்கு சிவந்திருந்தது. இடது கையால் நெற்றியைத் தொட்டேன். கொஞ்சம் சூடாக இருந்த மாதிரி இருந்தது, அடுப்பருகில் இருந்ததாலும் இருக்கலாம். வலது கையில் கிரீடம். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே அது நின்றுவிட்டது. நெற்றியில் காசு ஒட்டிய அந்த முகமும், அதற்கு மேலே அசைந்த ரோஸ் தொங்கலும்தான் எனக்குத் தெரிந்தன.

"சாப்பிடுற நேரத்துல எதுக்குக் கண்ணு? காலையில போட்டுக்கலாம்" என்றேன்.

அவர் காற்று என்றார், நான் காலை என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேலியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "மோர் ஊத்து" என்றார். ஊற்றினேன்.

காலையில் குழந்தை அதை மறந்துபோயிருந்தாள். நான் நினைவுபடுத்தவில்லை.