கொல்காவில் மனைவியின் முழங்கால்

பெருவிலுள்ள கொல்கா பள்ளத்தாக்கைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை, மனைவியுடையதல்ல. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு இரண்டு பேருக்கும் ரிக்கற் எடுத்தேன்.

"மலை பார்க்க அவ்வளவு தூரம் போகவேணுமே? நோர்வேயிலை இல்லாத மலையே?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வண்டிப்பாதை கிடையாது. சரளைக்கல் வழியே நான்கு மணிநேரம் இறங்கவேண்டும். பாதிவழி தாண்டியதும் மனைவியின் முழங்கால் பிடித்துக்கொண்டது. மீதித் தூரத்தை என் தோளில் கைபோட்டு, காலை இழுத்து இழுத்து இறங்கினாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

அங்கே அறை தந்த பெண், சமைக்கும்போதும் பூவேலை செய்த தொப்பியைக் கழற்றவில்லை. ஏதோ இலையை வாட்டி முழங்காலில் வைத்துக் கட்டினாள். பிறகு மூன்று விரல்களைக் காட்டினாள். மூன்று நாள் நடக்கக் கூடாது. நாங்கள் ஒரு நாளுக்குத்தான் வந்திருந்தோம்.

மறுநாள் எதிர்ச்சரிவிலிருந்த கிராமத்துக்கு நான் தனியே போனேன். படிகளாக வெட்டிய வயல்களில் சோளம் நின்றது. தேவாலயம் பூட்டிக் கிடந்தது. பின்னேரம் திரும்பியபோது மனைவி அறையில் இல்லை. சமையற்கட்டில் சிரிப்புக் கேட்டது.

வாளி நிறைய ஆற்றுமீன். மனைவி காலை நீட்டியபடி கத்தியோடு இருந்தாள். செவுளுக்குக் கீழே ஒரு வெட்டு, முள்ளையொட்டி ஒரு இழுவை. சதை தகடாகக் கழன்று வந்தது. அறை தந்த வீட்டுக்காரி ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள்.

கலியாணத்துக்கு முன் மனைவி நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் மீன் வெட்டியதேயில்லை. கடையில் வெட்டித்தான் வாங்குவோம்.

"இன்னும் மறக்கேல்லையே?" என்றேன்.

"கை மறக்காது. அங்கை வேகத்திலை எனக்கு முன்னாலை ஒருத்தரும் நிக்க ஏலாது, தெரியுமோ?"

"ஒருநாளும் நீர் உதைச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேட்டனீங்களே?"

கேட்கவில்லைதான்.

வீட்டுக்காரி தன் மொழியில் ஏதோ சொன்னாள். "ஓம், முள்ளை எறியாதேயுங்கோ, சொதிக்கு நல்லது" என்று மனைவி தமிழிலேயே பதில் சொன்னாள். அன்று சாப்பாட்டின்போதும் அவர்கள் இருவரும்தான் கதைத்தார்கள்.

சொன்ன மூன்று நாளும் கழிந்ததும் மனைவியைக் கோவேறு கழுதையில் ஏற்றினார்கள். வீட்டுக்காரி கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தாள். நான் மூச்சு வாங்கி வாங்கி ஒரு மணிநேரம் பிந்தி மேலே வந்து சேர்ந்தேன். இருவரும் கல்லில் அமர்ந்து கள்ளிப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி ஒன்றை உரித்து, மனைவியைப் பார்த்தாள்; அவள் தலையசைத்ததும் என்னிடம் நீட்டினாள்.