ஒத்தாசை என்று சொன்னால் டீ

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் வண்டிக்காரன் குழாயைச் சீக்கிரம் மூடிவிட்டால் ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் குரல் கேட்கும். அப்பேர்ப்பட்டவள்தான், பட்டு முதலாளி வீட்டுக்குள் வந்து, "இப்ப யாரும்மா நெய்றது?" என்று கேட்டபோது, தறிக்குழியில் காலை விட்டபடி, கையில் ஊடை இழை ஓட்டும் நாடாவோடு, "அவருதாங்க. நான் சும்மா ஒத்தாசைக்கு" என்றேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தறிக்குப் பக்கத்திலேயே கட்டிலில் படுத்திருந்தார். முதலாளி கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"படுத்துகினு இருக்கறவரு எப்படிம்மா நெய்வாரு? தறியில ஏத்தின பாவு நூலுல இன்னும் ரெண்டு சேலை நிக்குது. கல்யாண ஆர்டர். பௌர்ணமிக்குள்ள ஒண்ண நெய்ஞ்சு அறுத்துக் காட்டு. சரியா இருந்தா தறி இங்கியே ஓடட்டும். இல்லன்னா பாவை எடுத்துகினு போயி முள்ளிப்பட்டுல வேற தறிக்குக் குடுத்துடுவேன். பேஜாரா போச்சு எனக்கு."

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் அவசரம். எனக்குத்தான் என்மேலேயே ஆத்திரம். எங்கள் தெருவில் நெய்கிறவர் என்றால் ஆண்பிள்ளை. பெண் நாடாவுக்குள் வைக்கிற நூல் தார் சுற்றினாலும் ஒத்தாசை, புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தாலும் ஒத்தாசை. என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போன நேரத்திலெல்லாம் உட்கார்ந்து முழம் முழமாக நெய்து வைத்தவள் நான். அதுவும் ஒத்தாசைதான். கேட்டுக் கேட்டு, கேட்காமலே சொல்லப் பழகிவிட்டது வாய்.

வியாழக்கிழமை மதியம் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் எதிர்வீட்டு அக்கா வீட்டில் கூடுவோம். குழு என்று பெயர். ரேஷன் கடைச் சண்டை, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், மாமியாரின் கண் ஆபரேஷன், எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். இவர் விழுந்த அன்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வண்டியில் ஏறியதும் அந்த அக்காதான். அந்த வியாழன் போய் உட்கார்ந்ததுமே அழுதுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

களம்பூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி எங்கள் குழுவில் உண்டு. ரைஸ் மில் களத்தில் நெல் கிளறி வளர்ந்தவள். அவள்தான் கேட்டாள்.

"ஒத்தாசைன்னா இன்னாக்கா? எங்க மில்லுல மூட்டை தூக்கறவரும் வேலைக்காரரு, நெல்லு கிளர்றவளும் வேலைக்காரி. நீ நெய்றியா இல்லியா?"

"நெய்றேன்தான்…"

"அத்த சொல்றதுக்கு இன்னா கேடு?"

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னிலேர்ந்து தன் வேலைய எவ ஒத்தாசைன்னு சொல்றாளோ, அவ எல்லாருக்கும் டீ போடணும். இஞ்சி தட்டிப் போட்டு" என்றாள். சொல்லிவிட்டு, "எனக்கு இன்னாடி, நான் சும்மா தார் சுத்தி ஒத்தாசை பண்ணிகினு…" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், முதல் டீ அவள்தான் போட்டாள்.

ஆனால் டீயால் சேலை நெய்ய முடியாதே. அது கோர்வைச் சேலை. உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. உடலுக்கு ஒரு நாடா என்றால் கரைக்குத் தனி நாடா. நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து அதை விட வேண்டும். இத்தனை வருஷமும் அந்த இடம் என்னுடையது. இப்போது நான் நடுவுக்கு வந்துவிட்டால் என் பக்கத்தில் யார்? இரண்டு நாடாவையும் நானே விட்டால் நாள் முழுக்க ஒரு சாண் நகர்ந்தாலே பெரிசு.

"நாங்க ஏழு பேரு இல்ல?" என்றாள் அக்கா.

முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். தன் வீட்டுத் தறியை அரை நாள் நிறுத்திவிட்டு வந்தவளும் உண்டு. களம்பூர்க்காரி நாடாவைத் தொட்டதே இல்லை. நானும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். முதல் நாள் என் நாடா வந்து சேருவதற்கு முன்னாலேயே தன்னுடையதை விட்டுவிட்டாள். "எருமை! என்னாடி ஜல்தி உனக்கு?" என்று கத்தினேன். "கத்தாதக்கா. உனக்குக் கைக்கு முன்னாடி வாயி வந்துடுது" என்றாள். இரண்டு விரற்கடை பிரித்து மறுபடி நெய்தோம்.

ஆறாம் நாள் என் முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. இழையை நெருக்குகிற என் பலகை அடி ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் தளர்ந்தும் விழுந்திருந்தது. பயம் வந்துவிட்டது. "என்னால ஆவாது. எடுத்துகினு போகட்டும்" என்று எழுந்துவிட்டேன்.  அக்கா வலப்பக்கம் உட்கார்ந்து, கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரம்தான் ஒருத்தியைக் காக்க வைப்பது? உட்கார்ந்தேன். அப்போது கட்டிலிலிருந்து டொக், டொக் என்று சத்தம். இவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி எனக்கு அடி எண்ணிக்கொண்டிருந்தார். மறுநாள் அக்கா தன் பழைய மோட்டார் ராட்டையைத் தூக்கி வந்து கட்டிலருகே வைத்தாள். ஒரு கையால் இழையைப் பிடித்தால் போதும். அன்று முதல் எனக்குத் தார் சுற்றியது அவர்தான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சேலையை அறுத்தோம். முதலாளி வந்தார். ஏதோ வேலையாக வந்ததுபோல ஏழு பேரும் வாசலில் நின்றார்கள். அவர் சேலையை வெளிச்சத்தில் பிடித்து, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"யாரு நெய்ஞ்சது?"

"அவரு…" என்று ஆரம்பித்தேன். வாசலில் களம்பூர்க்காரி, டம்ளரைப் பிடிப்பதுபோல் கையை வைத்து என்னைப் பார்த்து ஆட்டினாள்.

"நான்தாங்க நெய்ஞ்சேன்."

தண்ணீர் வண்டிக்காரனுக்குக் கேட்கும் குரலில் பாதிகூட வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். முதலாளி கட்டில் பக்கம் திரும்பி, "அப்டியாய்யா?" என்றார்.

இவருக்கு வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"அவதான்… நெய்றா. நான்… ஒத்தாசை."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. களம்பூர்க்காரிதான் முதலில் கத்தினாள்.

"அண்ணே, சொல்லிட்டீங்க! எடுங்க டீய!"

தெருவே கேட்கிற மாதிரி சிரித்தோம். ஒன்றும் புரியாத முதலாளி, "மிச்ச சேலையும் நீயே முடிச்சுடும்மா. அடுத்த பாவும் அனுப்பறேன்" என்று சொல்லிச் சேலையை மடித்தார். அவரையும் உட்கார வைத்துவிட்டோம்.

இவரை அடுப்புக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தோம். இடது கையால் இஞ்சி தட்டினார். சர்க்கரை டப்பா சாய்ந்து பாதி உள்ளே கொட்டிவிட்டது. டீ பாயசமாக இருந்தது. ஒருத்தியும் முகம் சுளிக்காமல் குடித்தாள். நான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.