பிள்ளைகளைத் தூங்க வைத்தவளுக்கு வராத தூக்கம்

சகோதர சகோதரிகளே, ஏழு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. சின்னக்கானலில் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் எனக்கு ஆயா வேலை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாருடைய பன்னிரண்டு பிள்ளைகளை மதியம் தூங்க வைப்பவளுக்கே தூக்கம் இல்லை. கேட்டால் சிரிப்பீர்கள்.

போன ஜூன் மழையில் ஆனை வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் அடுப்படிச் சுவரைத் தள்ளியது. அரிசியைத் தின்றுவிட்டுப் போனது. உயிர் தப்பியது ஆண்டவர் கிருபை. ஆனால் அன்றோடு தூக்கம் போனது. வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போய்விடுவார், வீட்டில் நான் ஒருத்தி. ஆனை எங்கே நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். போனைத் தலைமாட்டில் வைத்து அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். நடுவே, "ஆண்டவரே, தூக்கம் தாரும்" என்று அழுவேன். மறுபடி போனைப் பார்ப்பேன்.

ஜனவரியில் ஒரு மதியம், காப்பகத்தில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது பக்கத்து வீட்டுச் செல்வியின் இரண்டு வயது மகளைக் காணோம். ஓடினேன். ரோட்டில் நின்றாள். கொழுந்து ஏற்றும் டிராக்டர் அவள் முன்னால் பிரேக் போட்டு நின்றிருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் தூக்கம் கேட்கவில்லை. "என்னால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, வழி காட்டும்" என்றுதான் கேட்டேன். செல்வியிடம் உண்மையைச் சொல் என்று மனம் உந்தியது.

சொன்னேன். ராத்திரியெல்லாம் போன் பார்த்துக் கிடப்பதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். செல்வி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"போன எங்கிட்டக் குடுங்கக்கா. நீங்க ஒறங்குங்க. ஆன வந்தா நான் கதவத் தட்டுதேன்."

அன்று ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினேன். வாரக் கடைசியில் விடியும்வரை தூங்கினேன். நான் விழித்திருக்கிற தைரியத்தில்தானே காப்பகத்துப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்? எனக்கு அந்தத் தைரியம் இல்லாமல் போயிருந்தது. வாயால் ஜெபித்துவிட்டு, ஆண்டவரை நம்பாமல் நானே காவல் இருந்திருக்கிறேன்.

ஆனை இன்னும் வருகிறது. லயத்தில் முறை வைத்துப் போன் பார்க்கிறோம். சனிக்கிழமை என் முறை, மறுநாள் காப்பகம் கிடையாது. தூக்கமில்லாமல் புரளுகிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டிலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் அங்கிருந்தும் பதில் தருகிறார்.

நான் உண்மையைச் சொன்ன மறுநாள் காலை, செல்வி தன் மகளை என் கையில்தான் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஆண்டவருக்கு நன்றி.